மண்ணில் வெண்புழு: செடி காட்டும் அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

மண்ணைக் கிளறும்போது கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தால் போதும், செடி வாடியதற்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த வேலை பூச்சிமருந்து தேடுவது. இந்தச் சிக்கலைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இரண்டு விஷயங்கள். மண்ணில் கிடைக்கும் புழுக்களில் பல வகைகள் உயிருள்ள வேரைத் தொடுவதே இல்லை. வாடும் செடிகளில் பலவற்றுக்குப் புழுவோடு சம்பந்தமே இல்லை. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், மருந்து கடைசியில் வரும்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கையில் புழு இருந்தால் மட்டும் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

## கையில் ஒரு புழு இருக்கிறது: எது என்று தெரியவில்லை

கொல்ல வேண்டாம். வழுவழுப்பான தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அது நகரும் விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

மல்லாந்து, கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகால் ஊர்கிறது. பூக்களில் மேயும் பூவண்டு இனத்தின் புழு. தலை சிறியது, கால்கள் குட்டை, உடம்பின் பின்பாதி பருமன். பெரும்பாலும் மக்கிய இலையும் எருவும்தான் இதன் உணவு. உரக்குழியில் விட்டுவிடுங்கள், அங்கே நல்ல வேலை செய்யும்.

அரைவட்டமாகச் சுருண்டு, பக்கவாட்டில் கிடந்தபடி கால்களால் உந்துகிறது. தலை பழுப்பு நிறத்தில் பெரிதாக இருக்கும். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் நீளமாகத் தெரியும். வேர்ப்புழு என்று நாம் பயப்பட வேண்டியது இதைத்தான். வால்பக்கம் கருத்திருப்பது நோய் அல்ல, குடலில் இருக்கும் மண்ணும் உணவும் தோல் வழியே தெரிகின்றன.

காலே இல்லை, சுமார் 1 செ.மீ. நீளம், லேசாக வளைந்திருக்கிறது. கூன்வண்டின் புழு. தொட்டிச் செடிகளில் அதிகம். சிறியது என்று விட்டுவிட முடியாது, தண்டின் அடிப்பட்டையையே கொறித்துவிடும்.

கட்டைவிரல் பருமன், மக்கும் குவியலிலோ இற்றுப்போன மரத்துண்டிலோ கிடைத்தது. காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். புழுவால் செடிக்குக் கெடுதல் இல்லை. வளர்ந்த வண்டுதான் பனை, தென்னை இன மரங்களின் குருத்தைத் துளைக்கும். இற்ற மரத்தில் வாழும் வேறு பெரிய வண்டுகளின் புழுக்களும் இதே அளவில் இருக்கும். அவற்றில் பல எண்ணிக்கை குறைந்து வருபவை. பக்கத்தில் பனையோ தென்னையோ இல்லையென்றால் தொடாமல் விடுவதே நல்லது.

மெல்லிசாக, விறைப்பாக, மஞ்சள் பழுப்பில் பளபளக்கிறது. கம்பிப்புழு. கிழங்குகளுக்கு எதிரி.

தட்டையான உடம்பு, முன்னோக்கி நீட்டிய தாடை, தட்டில் விட்டதும் ஓட்டம் பிடிக்கிறது. தரைவண்டின் புழு. மற்ற புழுக்களை வேட்டையாடித் தின்னும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வயிற்றின் அடியிலும் சதைப்பற்றான குட்டைக் கால்கள். இது வண்டினமே அல்ல, அந்துப்பூச்சியின் புழு. மண்ணில் சுருண்டு கிடந்தால் பெரும்பாலும் வெட்டுப்புழு.

## அறிகுறி: மண் ஈரமாக இருந்தும் தொட்டிச் செடி வாடுகிறது

விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். மேலே ஈரம், உள்ளே வறட்சி என்றால் தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து போகிறது. தொட்டியைத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். உள்ளேயும் சொதசொதவென்று இருந்தால் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் தண்டை அடியில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். உறுதியாக நின்றால் அவசரம் இல்லை. தளர்வாக ஆடினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுங்கள்.

வேர் பழுப்பாகி வழவழத்து நாறினால் அது அழுகல். புழுவைத் தேட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள், அழுகிய வேரை வெட்டுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. மிச்சமிருக்கும் வேர் வெள்ளையாக ஆரோக்கியமாக இருக்க, மெல்லிய சல்லிவேர்கள் மட்டும் காணாமல் போயிருந்தால்தான் வேர்ப்புழு. தண்டின் அடிப்பட்டை சுற்றிலும் கொறிக்கப்பட்டிருந்தால் கூன்வண்டுப் புழு.

தொட்டியில் கணக்கு வேறு. தரையில் நிற்கும் செடி நாலைந்து புழுவைத் தாங்கிக்கொண்டு வேறு பக்கம் வேர் விடும். தொட்டியில் அதற்கு இடமில்லை. சிறிய தொட்டி என்றால் ஒரே ஒரு பெரிய வேர்ப்புழு போதும், செடி சாய்ந்துவிடும்.

சரிசெய்வது எளிது. மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, புதிய கலவையில் நடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் கிளைகளைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர முடியாது. ஒன்றிரண்டு வாரம் நிழலில் வையுங்கள். பழைய மண்ணை வீச வேண்டாம். சாக்கிலோ தரையிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பினால் பறவைகளே பொறுக்கிவிடும். அப்புறம் சலித்து மறுபடி பயன்படுத்தலாம்.

ஒரே வாரத்தில் எல்லாத் தொட்டிகளும் சரிந்தால் அது புழுவின் வேகம் அல்ல. மண்கலவையிலோ தண்ணீரிலோ சிக்கல் இருக்கிறது, அல்லது வேர்நோய் பரவுகிறது. ஒரு செடியை மண்ணோடு எடுத்துப்போய்ப் பயிர்நோய் வல்லுநரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: பாத்தியில் நாற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கின்றன

விழுந்த செடியைக் கையில் எடுத்து, எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள்.

### தண்டு மண்மட்டத்தில் துண்டாகி, மேல்பாகம் பக்கத்திலேயே கிடக்கிறது

வெட்டுப்புழுவின் வேலை. பகலில் செடியைச் சுற்றி 2, 3 செ.மீ. ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். இரவில் டார்ச்சோடு போனால் மேலேயே பிடிக்கலாம். மிஞ்சிய நாற்றுகளுக்கு அட்டையில் வளையம் செய்து, 2 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி தண்டைச் சுற்றி வையுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

### தண்டு முழுசாக இருக்கிறது, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது

இதுதான் வேர்ப்புழு. ஆனால் விழுந்த செடியின் கீழே தோண்டி, புழு இல்லை என்று நின்றுவிடாதீர்கள். அங்கே தின்பதற்கு ஒன்றும் இல்லாததால் புழு அடுத்த செடிக்குப் போயிருக்கும். வரிசையில் அடுத்ததாக, இன்னும் பச்சையாக நிற்கும் செடியைச் சுற்றி ஒரு சாண் அகலம், 15 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். பலரும் புழுவைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

சிறிய தோட்டத்தில் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை. பாத்தியை ஒரு முறை முழுக்கக் கிளறிவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நின்றால் மைனாவும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாத்தி பெரிது, சதுர அடிக்கு ஒன்றிரண்டு வேர்ப்புழுவாவது அகப்படுகிறது என்றால் புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை நன்கு மக்கிய எருவில் கலந்து, ஈரமான மண்ணில், வெயில் தாழ்ந்த பிறகு இட்டு மூடுங்கள். அது மெதுவாக வேலை செய்யும், சில வாரம் பொறுக்க வேண்டும். அதே சமயத்தில் பூஞ்சாணக்கொல்லி ஏதும் ஊற்றினால் இதுவும் செத்துவிடும். வேப்பம் புண்ணாக்கு மண்ணுக்கு நல்லது, ஆனால் முழு வளர்ச்சியடைந்த புழுவை அது நிறுத்தும் என்று நம்பி இருக்காதீர்கள்.

புல்தரையை வெட்டி எடுத்துப் புதிதாகப் பாத்தி போட்டிருந்தால் முதல் பருவத்தில் வேர்ப்புழுவும் கம்பிப்புழுவும் அதிகமாகவே இருக்கும். புல்வேரில் வாழ்ந்தவை உங்கள் நாற்றுக்கு மாறுகின்றன. நடும் முன் இரண்டு மூன்று முறை கிளறி, பறவைக்கு விட்டு, பிறகு நடுங்கள்.

### வேர் முழுசாக இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுனையைத் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெண்மையான இழை புகைபோல இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள், அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் இனத்தை மறுபடி நடாதீர்கள். எந்தப் புழுமருந்தும் இதற்கு உதவாது.

வேரின் மேல் மண்பூச்சு தெரிந்தால் கறையான். மண்ணின் மேற்பரப்பில் விரல் அகல வரப்புகள் ஓடினால் பிள்ளைப்பூச்சி.

## அறிகுறி: தோண்டிய கிழங்கில் குழியும் துளையும்

அகலமான, ஆழமில்லாத, ஒழுங்கற்ற குழி வேர்ப்புழு சுரண்டியது. அந்த இடத்தைச் சீவிவிட்டுச் சமைக்கலாம், ஆனால் சேமித்து வைத்தால் அழுகும். குச்சியால் குத்தியதுபோல் சின்ன வட்டத் துளை நேராக உள்ளே போனால் கம்பிப்புழு. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உள்ளே சுரங்கம் சுரங்கமாகி, கசப்பும் கெட்ட வாடையும் அடித்தால் அதற்கென்றே உள்ள கூன்வண்டு. அந்தக் கிழங்கைத் தின்னவோ உரக்குழியில் போடவோ வேண்டாம், கொடித்துண்டையும் அடுத்த நடவுக்கு எடுக்க வேண்டாம்.

முதிர்ந்த கிழங்கை மண்ணிலேயே விட்டுவைக்கும் ஒவ்வொரு வாரமும் சேதம் கூடும். கம்பிப்புழு எவ்வளவு இருக்கிறது என்று அறிய, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைக் குச்சியில் குத்தி 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து, சில நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கையும் தெரியும், வந்தவற்றை அழிக்கவும் முடியும்.

## அறிகுறி: புல்வெளி திட்டுத் திட்டாகப் பழுக்கிறது

முதலில் தண்ணீர். நீளமான திருப்புளியைப் பழுத்த இடத்திலும் பச்சையான இடத்திலும் குத்திப் பாருங்கள். பழுத்த இடத்தில் மட்டும் இறங்க மறுத்தால் அங்கே மண் இறுகியோ காய்ந்தோ இருக்கிறது. வட்டமான சிறு திட்டு, ஓரத்தில் மட்டும் அடர்பச்சை என்றால் நாயின் சிறுநீர்.

அடுத்தது இழுவைச் சோதனை. பழுத்த புல்லைக் கை நிறையப் பிடித்து இழுங்கள். வேர் பிடித்து நின்றால் காரணம் வேறு. பாயைச் சுருட்டுவதுபோல் புல் மொத்தமாக எழுந்து வந்தால் அடியில் வேர் இல்லை, வேர்ப்புழுவை எண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணும்போது செத்த இடத்தின் நடுவில் தோண்டாதீர்கள். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, மூடியைத் திறப்பதுபோல் மடியுங்கள். 10 செ.மீ. ஆழம் வரை மண்ணை உதிர்த்து எண்ணிவிட்டு, புல்லை மறுபடி அமுக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். நாலைந்து இடத்தில் இப்படிப் பார்த்துச் சராசரி எடுங்கள்.

சதுர அடிக்கு 5-க்குக் கீழே இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். நன்றாக வேரோடிய புல் அதைத் தாங்கும். 5 முதல் 10 வரை என்றால் தண்ணீரையும் புல்லின் உயரத்தையும் சரிசெய்துவிட்டுக் கவனியுங்கள். ஒட்ட வெட்டிய புல்லுக்கு வேர் குட்டை, அதனால் புழுவின் கடியும் அதிகம் தெரியும். 10-க்கு மேல் போனால் பூச்சியைக் கொல்லும் நூற்புழுவோ (வேரில் முடிச்சு போடும் வகை அல்ல) மருந்தோ தேவை.

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு மேலே வரும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்துப்பூச்சிப் புழுவும் பிள்ளைப்பூச்சியும் வரும். வேர்ப்புழு வராது. ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து மண் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

பறவையோ பன்றியோ மற்ற விலங்கோ புல்லைக் கிளறிப்போட்டிருந்தால் அடியில் இரை இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் முதலில் எண்ணுங்கள். ரோமம் அடர்ந்த பெரிய குளவிகள் தரைக்கு மேல் தாழ்வாக வட்டமடித்தாலும் அப்படித்தான். அவை வேர்ப்புழுவைத் தேடி அதன்மேல் முட்டையிடுபவை, மனிதரைச் சீண்டுவதில்லை. விரட்ட வேண்டாம்.

## அறிகுறி: உரக்குழியில் புழுக்கூட்டம்

சமையல் கழிவில் கூட்டமாக நெளியும், தட்டையான, காலே தெரியாத பழுப்புப் புழுக்கள் பிளாக் சோல்ஜர் ஈயுடையவை. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். குழி அதிக ஈரமாக இருக்கிறது என்பதற்கும் அடையாளம், காய்ந்த இலையைக் கலந்துவிடுங்கள். முதுகால் ஊர்பவை பூவண்டுப் புழுக்கள், அவையும் இருக்கட்டும்.

உரம் தொட்டிக்குப் போகும் நாளில்தான் கவனம் வேண்டும். அகலக் கண் சல்லடையில் சலித்து, புழுக்களைக் குழிக்கே திருப்பி அனுப்புங்கள். பாதி மக்கிய எருவைத் தொட்டியில் போட்டால் முட்டையும் புழுவும் சேர்ந்தே போகும். தொட்டியில் புழு வந்த பல இடங்களில் நான் கண்ட வழி இதுதான்.

தென்னை, பனை அருகே இருந்து, அவற்றின் மட்டைகளில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் (காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்ததன் அடையாளம்) தெரிந்தால் மட்டும் இந்தக் குழி வேறுவிதமாகிவிடும். குவியலை அடிவரை புரட்டி, பெரிய புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியத்தைக் குவியலில் கலந்து வைப்பது இங்கே நன்றாகப் பலன் தரும்.

## அறிகுறி: இரவோடு இரவாக இலையில் ஓட்டை

பகலில் பூச்சி எதுவும் தென்படாமல் இலை மட்டும் குறைந்துகொண்டே போனால், முதல் மழைக்குப் பிந்தைய மாலைகளில் டார்ச்சோடு பாருங்கள். மண்ணிலிருந்து வெளிவந்த வண்டுகள் கூட்டமாக மேயும். கிளையை உலுக்கி, விழுவதைச் சோப்புத் தண்ணீருள்ள வாளியில் பிடியுங்கள். ஒரு பெண் வண்டு மண்ணுக்குள் போகும் முன் பிடித்தால் அதன் முட்டைகள் எல்லாம் தடுக்கப்படுகின்றன. இலை ஓரத்தில் மட்டும் அரைவட்ட வெட்டுகள் வரிசையாக இருந்தால் கூன்வண்டு, அந்தச் செடியின் அடிமண்ணையும் பார்த்துவிடுங்கள்.

வாசனைப் பொறி வைப்பதென்றால் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அருகில் வைத்தால் சுற்றுவட்டார வண்டுகளையும் உங்கள் செடிக்கே அழைத்து வரும். முட்டையிடும் வாரங்களில் புல்வெளிக்குத் தண்ணீரைக் குறைப்பது இன்னொரு நல்ல வழி, காய்ந்த மண்ணில் முட்டைகள் பொரிப்பது குறையும்.

## அறிகுறி: மருந்து இட்டும் புழு குறையவில்லை

பொருள் தவறு. கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் பி.டி. என்ற பாக்டீரியா மருந்து (குர்ஸ்டாகி வகை) அந்துப்பூச்சிப் புழுக்களுக்கானது. வண்டுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. இலையில் தெளித்த எதுவும் மண்ணுக்குள் இருக்கும் புழுவை எட்டாது.

காலம் தவறு. வேர்ப்புழு இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் நிலைக்கு வரும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. அப்போது அதன் பசியும் அதிகம், மருந்தைத் தாங்கும் சக்தியும் அதிகம். வண்டுகள் பறந்து சில வாரங்கள் கழித்து, புழு சின்னதாக இருக்கும்போது செய்வதே பலிக்கும். சில இனங்கள் ஒரே ஆண்டில் வண்டாகிவிடும், சில மூன்று ஆண்டு வரை மண்ணிலேயே இருக்கும். அதனால் ஒரு பருவத்தோடு முடியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

ஆழம் தவறு. மண் காய்ந்தாலோ குளிர்ந்தாலோ புழு கீழே இறங்கிவிடும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, அது மேலே வந்த பிறகு மருந்திடுங்கள்.

நூற்புழு செத்துவிட்டது. பூச்சியைக் கொல்லும் ஹெட்டரோராப்டிடிஸ் போன்ற நூற்புழுக்கள் உயிருள்ள பொருள். கலக்கிய தண்ணீரில் ஒரு சொட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். நெளிந்தால் உயிர் இருக்கிறது. எல்லாம் நேராக விறைத்து அசையாமல் கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஹெட்டரோராப்டிடிஸ் சோம்பிவிடும். வெயில் பட்டால் சாகும், எனவே மாலையில் ஈர மண்ணில் ஊற்றி, பிறகும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். தெளிப்பானில் இருக்கும் மெல்லிய வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோண்டுங்கள். செங்கல் நிறமாகத் தளர்ந்து கிடந்தால் நூற்புழு பிடித்திருக்கிறது. உடம்பில் பச்சைத்தூள் படர்ந்திருந்தால் மெட்டாரைசியம். இந்தப் புழுக்களை எடுக்காதீர்கள், அவற்றிலிருந்துதான் அடுத்த தலைமுறை நூற்புழுவும் பூஞ்சாண வித்தும் மண்ணில் பரவும்.

ரசாயனக் குருணை கடைசி வழி. இமிடாகுளோபிரிட் போன்றவை வேர் வழியே பூவுக்கும் போய்த் தேனீயைக் கொல்லும். உண்ணும் பயிர் இருக்கும் பாத்தியில் நீங்களாக அளவு முடிவு செய்யாதீர்கள்.

## எப்போது வல்லுநரிடம் போவது

பெரிய புல்வெளியில் சதுர அடிக்கு 10-க்கு மேல் எண்ணிக்கை வந்து, நூற்புழுவும் பலிக்கவில்லை என்றால். ரசாயனம்தான் வழி என்ற நிலை வந்தால். மூன்று பருவமாக அதே பாத்தி அழிந்துகொண்டிருந்தால். தென்னையின் நடுக்குருத்தே சாய்ந்தால்.

உங்கள் பகுதியில் இதுவரை பார்த்திராத வண்டு கூட்டமாக வந்தாலும் வேளாண் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பச்சைத் தலையும் செம்பு நிற இறக்கையும், இருபக்கமும் ஐந்தைந்து வெள்ளை முடிக்கற்றைகளும் இருந்தால் அது ஜப்பானிய வண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1916-லும் இத்தாலியின் வடபகுதியில் 2014-லும் கண்டறியப்பட்டு, அங்கிருந்து பரவியது. காண்டாமிருக வண்டு குவாம் தீவில் 2007-லும் ஹவாயில் 2013-லும் கண்டறியப்பட்டது. இப்படிச் சந்தேகம் வந்தால் தோட்டத்து மண்ணையும் தொட்டிகளையும் மக்கிய உரத்தையும் வெளியே கொடுக்காதீர்கள்.

எந்த இனம் என்று உறுதிசெய்ய, புழுவின் வால்நுனியின் அடியில் உள்ள முடிகளின் அமைப்பைப் பார்ப்பார்கள். அதனால் நசுங்கிய புழு பயன்படாது. ஐந்தாறு புழுக்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். நேரடியாக ஆல்கஹாலில் போட்டால் கருத்துவிடும். எந்தச் செடியின் கீழே, எவ்வளவு ஆழத்தில், எந்தத் தேதியில், சதுர அடிக்கு எத்தனை என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.